பிரிவு வேளை

இரவு இரண்டே கால். திருநெல்வேலி.
மின்சாரம் போய், ஜெனரேட்டர் இருமி, திரும்பவும் வந்தது.
ஜெல் ஓடுகிறது. நீலச் சாயம்
குருநகர்க் கடலில் வற்று விழுவதுபோல்
அவசரமில்லாமல் கீழே இறங்குகிறது.

கலம் என்று எங்கள் பாடப்புத்தகம் சொல்லும்.
அக்கரையில் செல் என்பார்கள்.
எனக்குக் கலம்தான் பிடிப்பு:
சோறு போடுவதும் அதில், கடல் தாண்டுவதும் அதில்,
இரண்டாகப் பிளந்தும் மூழ்காதது அது ஒன்றுதான்.

அதற்குள் ஒரு நொதியம்.
வேலை சின்னது:
கருவை விட்டுப் புறப்படும் தூதுக்கு வால் கட்டுவது.
அ அ அ அ என்று இருநூறு அடினீன்,
வேறு எழுத்துப் படிக்காத பிள்ளை
கொப்பி நிரப்புகிற மாதிரி.
வாலறுந்த பட்டம் வல்வெட்டித்துறைக் காற்றில்
என்ன பாடு படும்!
தூதும் அப்படித்தான்.

கலம் பிரிகிற அந்த ஒரு மணித்தியாலம்
கைனேசு ஒன்று வரும்.
நொதியத்தைக் கொல்லாது. துரத்தாது.
அதன் கடைத்தலைப்பில் பொசுபேற்று ஒன்று,
இன்னொன்று, பிறகும் ஒன்று,
சேலை மடிப்புக்கு ஊசி குத்துவதுபோல் குத்தும்.
பாரம் ஏறி, நொதியம் கை மடக்கும்.
நிறமூர்த்தங்கள் மட்டும் நடுக்கோட்டில்
மூச்சுக் காட்டாமல் நிற்கும்.

ஊரடங்கு என்று எழுதி, வெட்டினேன்.
அந்த நாட்களில் நாங்கள் பயந்திருந்தோம்.

மரியசீலி போன வருடம்
ஊசி குத்த இடமே இல்லாத நொதியம் ஒன்று செய்தாள்.
எந்த வேளையும் வால் கட்டும், பிரிவு வேளையிலும்.
கலங்கள் சாகவில்லை.
நாலு நாளில் நிறைய வேண்டிய தட்டு
ஆறு நாள் எடுத்தது, அவ்வளவுதான்.
அந்த இரண்டு நாளை நான் மறக்கவில்லை.

விடிந்தால் பத்து மணிக்கு
நொத்தாரிசு முன்னால் காணி பிரிக்கிறோம்.
இணுவிலில் ஒன்பது பரப்பு,
ஒரு கிணறு.
சுபோதினி அக்காவுக்கு எழுதிய செய்தி
நாலு நாளாகக் கைபேசியில் கிடக்கிறது.
அதில் அம்மாவின் காப்பு இருக்கிறது,
மருந்துத் துண்டுகளின் கூட்டுத்தொகை இருக்கிறது,
ஆஸ்பத்திரி வாங்கில் யார் படுத்தார்,
யார் பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார் என்பதும்.
எல்லாம் உண்மை. ஒரு எழுத்துப் பிழை இல்லை.
அனுப்பு என்ற அம்புக்குறி மேல்
விரல் போய்ப் போய் வருகிறது.

எட்டரைக்குப் படம் விழுந்தது.
பிரிந்துகொண்டிருந்த கலங்களின் நொதியம்
பாரத்தோடு மேலேயே தங்கிவிட்ட கறுப்புப் பட்டை.
பக்கத்துக் குழியில் பொசுபேற்றைக் கழற்றியது;
அதே நொதியம், வழமையான இடத்தில்,
ஒன்றும் நடவாத மாதிரி.
மரியசீலி கொட்டாவி விட்டபடி
படத்தின் மூலையில் பென்சிலால் எழுதினாள்:
மீளும்.

கையுறையைக் கழற்றி முகம் கழுவினேன்.
செய்தியை அழிக்கவில்லை.
சைக்கிளை உருட்டும்போது
அக்காவிடமிருந்து ஒரு வரி:
கிணறு பங்காக இருக்கட்டுமா?

பத்து மணி கழியட்டும்.