கொருக்குப்பேட்டை கேட்டில்

பாட்டு அறுந்தால் கரகம் சரியும்
என்பது எங்கள் தெருக் கணக்கு.
ஆடி மூன்றாம் ஞாயிறு
ஆறரை மணிக்கு
கேட்டை இறக்கிவிட்டார்கள்.

இந்தப் பக்கம் நாங்கள் இருபது பேர்.
இரண்டு பம்பை, ஒரு சிலம்பு,
ஊதுவத்தி குத்திய வாழைப்பழம்,
தேசம்மாள் தலையில்
வேப்பிலைக்குள் ததும்பும் செம்பு.
பின்னால் கன்டெய்னர் லாரி,
அதன் பின்னால் வேன், ஆட்டோ,
ஹாரன், ஹாரன்.

முன்பாட்டு எட்டியப்பன்.
வாரம் ஆறு நாள் காசிமேட்டில்
ஐஸ் பாரம் இழுக்கிற தோள்.
அவன் நோட்டில் இருப்பது நாற்பது அடி வர்ணிப்பு:
கண்ணுக்கு ஒன்று, மூக்குத்திக்கு ஒன்று,
சூலத்தின் முனை மூன்றுக்கும் தனித்தனியே.
அவன் விட்ட இடத்தில் நாங்கள் பிடிப்போம்:
"வந்திறங்கு தாயே, வந்திறங்கு."
நான் பின்பாட்டு.
ஜெராக்ஸ் கடையில் வேலை.
அடுத்தவர் எழுத்தைத் திருப்பித் தருவது
எனக்குப் பழக்கம்தான்.

நாற்பதும் தீர்ந்தது. ரயிலைக் காணோம்.
முதலிலிருந்து எடுக்கப் போனான்.
சொன்ன கண்ணையே மறுபடி சொன்னால்
அவளுக்கு ஆகாது என்று
தேசம்மாள் புருவத்தாலேயே தடுத்தாள்.
எட்டியப்பன் இருமினான்.
பம்பை இரண்டு சுற்று தனியாக ஓடியது.
செம்பு லேசாக இடது பக்கம்.

"இன்னாடி நின்னுகினு பாக்கற, எட்றி பாட்ட!"
யார் சொன்னதோ.
என் வாய் திறந்துவிட்டது.
(அன்று மதியம் நான்
வாளை மீன் குழம்பு தின்றிருந்தேன்.
இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.)

அப்போதுதான் வந்தது சரக்கு ரயில்.
கறுப்பு டேங்கர்கள், எண்ணெய் வாடை.
கண்ணில் பட்டதைச் சொன்னேன்.
முதல் பெட்டியில் வந்தவளே
மூன்றாம் பெட்டியில் கிறீச்சிட்டவளே
துருப்பிடித்த ஏணியில்
ஒற்றைக் காலில் நிற்பவளே
மணலிப் புகையை
முந்தானையாய் இழுத்துப் போட்டவளே
வந்திறங்கு, வந்திறங்கு.
இருபது தொண்டையும் பிடித்துக்கொண்டது.
லாரி கிளீனர் பையன், ஒரிசாவோ என்னவோ,
"பந்திரங்" என்றான்.
தாளம் தப்பவில்லை.

நாற்பத்தாறு பெட்டி.
பெட்டிக்கு ஒரு அடி.
கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கை
அவள் பொட்டு என்றேனாம்.
பிறகு சொன்னார்கள்.

யார் மேலும் அருள் வரவில்லை.
செம்பு நிமிர்ந்திருந்தது, அவ்வளவே.
கேட் ஏறிய பிறகும்
கொஞ்ச நேரம் யாரும் ஹாரன் அடிக்கவில்லை.
தண்டவாளம் இன்னும் சூடு,
வெறுங்காலோடு தாண்டினோம்.

திங்கட்கிழமை கடைக்கு வந்தான் எட்டியப்பன்.
நோட்டை நீட்டினான்.
"அந்த ரயிலு பாட்ட இதுல எழுதிக் குடு,"
மேஜை மேல் இரண்டு ரூபாய் வைத்தான்
பிரதிக்கு.

என் குரல் காற்றாகத்தான் வந்தது.
யோசித்து யோசித்து நாலு அடி எழுதினேன்.
மிச்சம் நாற்பத்திரண்டுக்கு
வெறும் கோடு போட்டு
எண் மட்டும் குறித்துக் கொடுத்தேன்.

அடுத்த ஆடிக்கும்
அந்த கேட் மூடாமலா போகும்.