பலகையில் உம்லாசி

பதினோரு வருஷமாக என் உத்தியோகம் இருபது விநாடி.
கதவைத் திற. யாரையும் எண்ணாதே. மூடு.
மணியை இரண்டு முறை அடி.
டர்பனிலிருந்து உம்லாசி, உம்லாசியிலிருந்து டர்பன்.
நாளுக்கு ஐந்து தடவை கடலுக்கு முதுகு,
ஐந்து தடவை முகம்.

அன்று லேடிஸ்மித் போகும் நெடுவண்டிக்கு
எஞ்சின் கிடைக்கவில்லை.
ஈஸ்டர் கூட்டம் பிளாட்பாரத்திலேயே
போர்வை விரித்துவிட்டது.
கண்ட்ரோலிலிருந்து கூப்பிட்டார்கள்:
"பூபாலன், உன் வண்டியையே கொண்டு போ.
மேலே கம்பி ஒரே கம்பிதானே."

வாஸ்தவம்.
கம்பியில் ஓடுகிற மின்சாரத்துக்கு
கிட்டம் தூரம் தெரியாது.
இருக்கைக்குத் தெரிந்தது.
அரைமணி நேரத்துக்கென்று வார்த்த பிளாஸ்டிக்
கேட்டோ ரிட்ஜ் தாண்டியதும்
இடுப்பெலும்போடு வழக்காடத் தொடங்கியது.
சாமானுக்குப் பரண் இல்லை. கழிப்பறை இல்லை.
நின்று தொங்குகிறவர்களுக்கான பிடிகள் மட்டும்
பெட்டி நீளத்துக்கு.

அதில் ஒன்றில் ம்ஃபனிசேனி
தன் கறுப்புக் கோட்டை மாட்டினான்,
சலவைக்கடை உறையோடு.
நாளைக் காலை அவன் அண்ணனை எடுக்கிறார்கள்.
வழி நெடுக அந்தக் கோட்டு
நின்றுகொண்டே வந்தது.

இருபது நிமிஷப் பயணத்தில்
எதிரே இருக்கும் முகம் ஒரு சுவர்.
மூன்றாம் மணி நேரத்தில் அதற்குப் பெயர் முளைக்கிறது,
மருமகன் முளைக்கிறான்,
சர்க்கரை வியாதி முளைக்கிறது.
சாரதா செட்டி பிளாஸ்க்கைத் திறந்து
இந்தப் பக்கம் நான்கு பேருக்கு, அந்தப் பக்கம் மூன்று பேருக்கு
தேநீர் ஊற்றினார். பிறகு யோசித்து,
"மெதுவாக் குடிங்க, போறதுக்கு இடமில்லை" என்றார்.

விதிப்படி எல்லா நிலையத்திலும் திறந்தேன்.
பால்கோவனில் ஒருவரும் இல்லை.
அத்தனை கதவும் ஒன்றாய்ப் பிளந்து
மலைக்குளிரை ஏற்றிக்கொண்டன, டிக்கெட் இல்லாமல்.
ஒரு நாய் வந்து பார்த்தது.
ஏறவில்லை.
மூன்று மொழியில் திட்டு வாங்கினேன்.

மூயி ரிவரில் ஒன்பது நிமிஷம் நிறுத்தச் சொன்னேன்.
ஒன்பது நிமிஷம் கதவைத் திறந்தே வைத்திருப்பது
பாதிக் கொட்டாவியில் வாயைப் பிடித்து நிற்பது போல.
ஆண்கள் வேலி ஓரம்.
பெண்கள், நிலையத்தின் ஒற்றைக் கழிப்பறை முன் வரிசை.
இறங்குவதற்கு முன்னால் எண்ணியிருந்தேன்,
முதல் தடவையாக, வாழ்க்கையில்.
ஏறியபோது ஒன்று குறைந்தது.
டிரைவர் ஊதுகிறார். நான் மணி அடிக்கவில்லை.
இருட்டில் டார்ச் அடித்து, வேலி வரைக்கும் போய்,
திரும்பி வந்து பார்த்தபோதுதான் புரிந்தது:
முன்னால் எண்ணியதில்
கோட்டையும் சேர்த்திருக்கிறேன்.

ஃப்ரேரில் ஒரு பெண் ஏறினாள்,
இடுப்பில் பெரிய பூசணிக்காய்.
"உம்லாசிதானே?"
வண்டியின் நெற்றியைப் படித்திருக்கிறாள்.
மாற்றுப் பலகை எங்களிடம் இல்லை;
காலையிலிருந்து உம்லாசி என்று சொல்லிக்கொண்டே
உம்லாசியை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறோம்.

விவரம் சொன்னேன்.
ஹ்லெங்கிவே இறங்கவில்லை.
"இந்த ஊரில் வண்டி நின்றே எத்தனை வருஷம்!
இது திரும்பும் அல்லவா?
திரும்பும்போது பலகை சரியாகிவிடும்."
கோட்டுக்கு அடியில் இடம் பார்த்து உட்கார்ந்தாள்.
வளைவில் அதன் வெறுங்கை
அவள் முக்காட்டைத் தொட்டது.
ம்ஃபனிசேனி எழுந்தான், நகர்த்த.
"இருக்கட்டும்" என்றாள்.

லேடிஸ்மித்தில் படிவம் நீட்டினார்கள்.
புறநகர்ப் பிரிவுப் படிவம்;
ஓடிய கிலோமீட்டருக்கு இரண்டே கட்டம்.
மூன்றாம் எண்ணை வெளியே எழுதினேன்,
விரல் விறைத்து,
கொஞ்சம் கோணலாக.