ஏழாம் எண்

என் இடக்கழுத்தில் ஒரு தழும்பு.
மருந்துக்கடைக்காரி அதைப் பார்த்துக் கண்ணடிப்பாள்.
முப்பத்தொரு வருடமாக மரம் கடித்த தடம் அது
என்று நான் திருத்துவதில்லை.

திரியெஸ்தே ஓபராவில்
இரண்டாம் வயலின் வரிசை, மூன்றாவது நாற்காலி.
மேலே நாயகி சாகும்போது
கீழே குழிக்குள் விரல் நடுங்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.
எத்தனையோ பேர் செத்தார்கள்.
அவர்கள் செருப்பு கிளப்பிய தூசியைத்தான் நான் அறிவேன்.

பகலில் பாடம்.
வியாழன் நான்கு மணிக்குப் பல் மருத்துவர் தூல்யோ.
ஊரையே வாய் திறக்கச் சொல்கிறவர்
தன் மணிக்கட்டைத் திறக்க மாட்டேன் என்கிறார்.
ஐந்து மணிக்காரி சுங்க அலுவலகத்தில் வேலை;
சுருதி சேரவில்லை என்றால்
வயலினுக்கே அபராதம் விதிப்பாள் போலப் பார்ப்பாள்.
ஆறு மணி, ஒன்பது வருடம், ஒர்னெல்லாவுக்கு.

அவளிடம் ஒரே குறை.
வில் மேலேறும் முன்
மூக்கால் ஓர் இழுப்பு,
சூப் குடிக்கும் கிழவனைப் போல.
எங்கே கற்றாய் என்று கோபித்தேன்.
ஒருநாள் என் பழைய ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன்.
எங்கே கற்றாள் என்று தெரிந்தது.
அதற்குப் பிறகு இன்னும் அதிகமாகக் கோபித்தேன்.
அவள் தாள்களில் என் பென்சில்:
மூச்சு. மூச்சு. மூச்சு.
வட்டம் போட்டு, சில இடங்களில் தாள் கிழிய.

பிரிந்தது மூன்றாம் விரலா நான்காம் விரலா என்ற சண்டையில்.
சொன்னால் யாரும் நம்புவதில்லை.
அவள் க்ராட்ஸுக்கு ரயிலேறினாள்.
கிறிஸ்துமஸ் அட்டை ஒன்று வந்தது. ஒன்றுதான்.

பிப்ரவரியில் எங்கள் வரிசையில் ஓர் இடம் காலியானது.
அன்று போரா காற்று;
சரிவான தெருக்களில் பிடித்து நடக்கக் கயிறு கட்டியிருந்தார்கள்.
நடுவர் ஐவரில் நான் ஒருத்தி.
எதிரே கறுப்புத் துணித் திரை,
திரைக்கு அப்பால் கம்பளம்,
குதிகாலின் ஓசைகூட ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்கக் கூடாது.
பெயர் கிடையாது, எண் மட்டும்.

மூன்றாம் எண் அவசரம்.
நான்காம் எண் சுத்தம், அப்பழுக்கில்லாத சுத்தம்.
'வீடு துடைத்திருக்கிறது, ஆள் இல்லை'
என்று எழுதிக் கோடு போட்டேன்.
எழுதியபோது அந்த வாக்கியம் எனக்குப் பிடித்துக்கூட இருந்தது.

ஏழாம் எண்.
முதல் மேல்வில்லுக்கு முன்
துணிக்கு அந்தப் பக்கம்
அந்த இழுப்பு.
என் மூக்கு. என் சூப்.
கை தூக்கினேன். தெரிந்தவள், விலகுகிறேன் என்றேன்.
செயலர் குறித்துக்கொண்டார்.
நியாயமாக நடந்துகொண்டேன் என்று
தாழ்வாரத்து இயந்திரத்தில் ஒரு காப்பி வாங்கி
எனக்கே கொடுத்துக்கொண்டேன்.

திரை விலகியது.
ஏழாம் எண் கோஷித்ஸேயிலிருந்து வந்த யாரோ.
சிவந்த காது, அகன்ற தோள், பெயர் யார்மிலா,
வாழ்நாளில் என்னைக் கண்டதில்லை.

ஒர்னெல்லா படிக்கட்டில் உட்கார்ந்து
வில்லின் முடியைத் தளர்த்திக்கொண்டிருந்தாள்.
மேல்கோட்டில் குத்தியிருந்த எண்: நான்கு.
நிமிர்ந்தாள்.
'மூச்சு கேட்டதா?' என்றாள்.
'இல்லை' என்றேன்.
'நல்லது' என்று பெட்டியை மூடினாள்,
ஒரு கொக்கி, பிறகு இன்னொன்று.
நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.
கதவைத் திறந்ததும் காற்று அவளை வாங்கிக்கொண்டது;
கயிற்றைப் பிடிக்காமலே இறங்கினாள்.

மார்ச்சிலிருந்து யார்மிலா என் பக்கத்து நாற்காலி.
தாள் புரட்டுவது அவள்.
நாயகி இருமத் தொடங்கும் இடத்தில்
நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மூக்கால் இழுக்கிறோம்.
இசை நடத்துநர் இரண்டு முறை இந்தப் பக்கம் பார்த்துவிட்டார்.
யார் என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.