பதினோரு நாள்

குன்னூர், பெட்போர்டு, மாடியில் ஒரு கூடம்.
ஜன்னல்வரை வந்து நிற்கிறது மூடுபனி,
இன்னும் பெயர் கூப்பிடாத ஆள்போல.
பாயில் பொம்மை.
இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை அதற்கு,
முகத்தில் டெட்டால் வாசம்.

ஆம்புலன்ஸ் பையன் இர்ஷாத்,
என்னைவிடப் பதினாறு வயது சின்னவன்,
"அஞ்சு சென்டிமீட்டர் இறங்கணும் மேடம்.
குறைஞ்சா சும்மா தடவிக் குடுக்கிற மாதிரிதான்" என்கிறான்.
தடவிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.
சொல்லவில்லை.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்தத் தாள்.
இது இல்லாமல் ஓரக்கோட்டில்
ஐஸ் பெட்டியோடு உட்காரச் சங்கம் விடாது.
கணுக்கால் தசைநார்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
ஆனால் நான் தொட்ட உடம்பெல்லாம்
பதில் சொன்ன உடம்பு.
இங்கே வலிக்குதா? இங்கே?
ஸ்ஸ் என்பார்கள்.
அந்த ஸ்ஸைப் பிடித்துக்கொண்டே வழி கண்டுபிடிப்பேன்.
பொம்மை சரியான ஆழத்தில்
ஒரு க்ளிக் மட்டும்.

முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு.
முப்பது.
அடுத்த பாயில் கபடி அணியின் தவசீலி
பத்தொன்பதில் எண்ணிக்கையை விட்டு
மறுபடி ஒன்றிலிருந்து.

மதியம் கழுத்து.
"அசைக்கக் கூடாது. அவ்வளவுதான் பாடம்."
அசையாததை அசையவைக்கப்
படித்த கைகள் இவை.

போன ஐப்பசி, கட்டபெட்டு மைதானம்.
கார்னர் பந்துக்கு எழும்பிய போஜராஜன்
கம்பத்தில் மோதி விழுந்தான்.
தூக்கிவிட ஓடிவந்த பதினைந்து பேரை
ஒரே கத்தலில் நிறுத்திவிட்டு
சேற்றில் குப்புறப் படுத்தேன்,
முழங்கை ஊன்றி,
அவன் தலை என் இரண்டு உள்ளங்கைக்குள்.

ஆம்புலன்ஸ் கொண்டையூசி வளைவில் நிற்கிறதாம்.
நடுரோட்டில் நாலு காட்டெருமை, ஒரு கன்று.
ஹாரன் அடித்தால் மிரளும்.
நியாயம்தான்.

ஐம்பத்திரண்டு நிமிடம்.
முதலில் ஸ்கோர் கேட்டான்.
பிறகு, "மழை கண்ணுல விழுதுக்கா."
பிறகு, கோத்தகிரியில் அடகு வைத்த பைக்கைப் பற்றி,
வீட்டில் தெரியாது, யாரிடமும் சொல்லிவிடாதே என்று.
சரி என்றேன். நீ தலையாட்டாதே.
என் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது.
அதை எடுக்கத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான்,
கை காலியில்லை.
ஓர் அட்டை மணிக்கட்டில் ஏறி
வேண்டியமட்டும் குடித்துவிட்டு
தானாக உதிர்ந்தது.

மழைக்கோட்டோடு ஒருவன் எதிரே மண்டியிட்டு,
என் விரல்களுக்கு அடியில் தன் விரல்களைச் செருகி,
"மூணு எண்றேன், விடுங்க" என்றான்.
மூன்று எண்ணிய பிறகும்
என் விரல் விரியவில்லை.
அது இர்ஷாத்தா?
முகம் பார்க்கவில்லை நான்.
இப்போது அவன் காலர் மாட்டிக் காட்டும்போது
கைகளையே பார்க்கிறேன்.
யாருடையதாகவும் இருக்கலாம்.

அன்றைக்கு என் தாள் காலாவதியாகிப்
பதினோரு நாள்.
எவரும் கேட்கவில்லை.
எலும்பில் மயிரிழை விரிசல், தப்பித்தான் என்றார்கள்,
என்னைப் பாராட்டிச் சால்வை போட்டார்கள்.
சால்வைக்குள் வியர்த்தது.

சாயங்காலம் படிவம்.
கடைசிக் கட்டம்:
முன்பு பெற்ற பயிற்சியைப் பயன்படுத்திய நிகழ்வு
இருப்பின், தேதியுடன் குறிப்பிடுக.
ஒரு வரிக்குத்தான் இடம்.
தேதி போட்டால் யாராவது கணக்குப் பார்ப்பார்கள்.
கீழே கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது,
தவசீலி செருப்பைத் தேடுகிறாள்.

தேதி போட்டேன்.
ஊர், நிமிடம், காட்டெருமை எல்லாம் எழுதி
ஓரத்திலும் மடக்கி மடக்கி எழுதினேன்.
பைக் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன்.