அடுத்த பலகை

சமையலறைக்கு மார்பிள் வேண்டாம் என்றாள் இல்டா,
மார்பிள் விற்கிறவளே.
போர்பா ஊருக்கு வெளியே, கற்பலகைகளைச்
சீட்டுக்கட்டு போலச் சாய்த்து வைத்த முற்றம்.
காதில் பென்சில், கையில் அளவு நாடா.
"கிரானைட் எடுங்கள். நீங்கள் செத்த பிறகும்
இப்படியே இருக்கும்."
வால்டெமார் உடனே தலையாட்டினான்.
எனக்கு அந்த வாக்கியமே பிடிக்கவில்லை.

இரண்டிலும் ஒரு துண்டு வாங்கி வந்து
இரவில் பரீட்சை வைத்தேன்:
அரை எலுமிச்சை, ஒரு சொட்டு சிவப்பு ஒயின்,
மிளகாய் விழுது, ஆலிவ் எண்ணெய்.
காலையில் கிரானைட்
எதையும் பார்க்காத சாட்சியாக நின்றது.
மார்பிளில் எலுமிச்சை இருந்த இடத்தில்
மங்கலாய் ஒரு வட்டம்.
"பார்த்தாயா?" என்றான்.
பார்த்தேன்.
மார்பிளையே வாங்கினோம்.
காசு என் அம்மா விட்டுப்போனது,
அதனால் வாதம் நீளவில்லை.

இளஞ்சிவப்பு நரம்பு ஒன்று
அடுப்போரம் கிளம்பி, தொட்டிக்கு அருகே இரண்டாகி,
ஒரு கிளை விளிம்போடு அறுபடும்.
எங்கே போயிற்று மீதி என்று
பாத்திரம் கழுவும்போது நினைப்பேன்,
பிறகு மறந்துவிடுவேன்.

கறை வேறு, தழும்பு வேறு.
இதைப் புரிந்துகொள்ளவே ஒரு வருடம் ஆயிற்று.
வால்டெமார் மத்தி வறுத்த எண்ணெயைச் சிந்திவிட்டு
மூன்று நாள் சொல்லவில்லை.
சமையல் சோடாவைக் குழைத்துப் பற்றுப் போட்டேன்,
வீங்கின காலுக்குப் போடுவது போல.
மேலே பிளாஸ்டிக் தாள், ஓரமெல்லாம் ஒட்டு நாடா.
காய்ந்து உதிர்ந்தபோது எண்ணெய் கொஞ்சம் ஏறி வந்திருந்தது.
மூன்றாம் பற்றில் முக்கால்வாசி போயிற்று.
எலுமிச்சை வட்டத்துக்கு இந்த வைத்தியம் கிடையாது.
அங்கே எதுவும் உள்ளே போகவில்லை,
கல்தான் போயிருக்கிறது.

நவம்பர் முதல் தேதி,
அம்மாவின் கல்லறைக்குச் சாமந்தியோடு போனேன்.
மூன்றாவது வரிசையில் கால் நின்றுவிட்டது.
என் நரம்பு.
இடம் வலமாகி, கண்ணாடிக்குள் இருப்பது போல,
இரண்டாகப் பிரியும் இடம்கூட அதே.
வாள் இறங்கும் முன்
ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த இரண்டு முகங்கள்.
ஒன்று என் வெங்காயத்துக்குக் கீழே,
ஒன்று தெயோலிந்தா ஃபல்காத்தோவுக்கு மேலே.

பக்கத்தில் மண்டியிட்டு ஒரு பெரியவர்,
கையில் வினிகர் புட்டி.
யோசிக்காமல் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.
"நாற்பது வருடம் எங்கள் ஜன்னலையெல்லாம்
அவள் இதில்தான் துடைத்தாள்" என்றார்,
கோபமில்லாமல்.
கல் முழுக்க மங்கிப்போயிருந்தது.
தகரப் பூத்தொட்டி துருவால் வட்டம் போட்டிருந்தது.
மென்மையான சோப்புத் தண்ணீர் போதும், என்றேன்.
ஈரத்தை விடாதீர்கள், உடனே ஒற்றியெடுங்கள்.
தொட்டிக்கு அடியில் ஏதாவது வையுங்கள்.
ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார்,
மருந்துச் சீட்டு வாசிக்கிறவர் போல.
"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை வந்தார் காசிமிரோ.
தொப்பியைக் கழற்றிக்கொண்டு
சமையலறை வாசலில் நின்றார்.
"எது?" என்றார். காட்டினேன்.
ரொட்டிப் பெட்டியை நகர்த்தி,
காபி இயந்திரத்தை நகர்த்தி,
அடுப்பிலிருந்து விளிம்பு வரைக்கும்
ஒற்றை விரலால் போனார்.
அறுபடும் இடத்தில் விரல் காற்றில் கொஞ்சம் போயிற்று.
"இங்கே சூடாக இருக்கிறது" என்றார்.
அடுப்பு இப்போதுதான் அணைத்தோம் என்றான் வால்டெமார்,
எதைச் சொல்லக்கூடாதோ அதைச் சொல்கிறவன்.
பிறகு ஒயின் ஊற்றினான், தட்டு வைக்காமல்,
கல்மேலேயே,
விளிம்பு வழிய.

நான் துணியை எடுத்துவிட்டேன்.
அவர் உள்ளங்கை முழுதும் கல்லில் இருந்தது,
கிளாஸைச் சுற்றி ஒயின் வட்டம்
மெதுவாக மூடிக்கொண்டிருந்தது.
துணியைத் தோளில் போட்டுக்கொண்டு
ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.