குனிந்து போகிற வீடு

ஒன்பதடி அகலம்.
நீளத்தைக் கேட்காதீர்கள்,
பாதியில் பிளைவுட் வந்து நிற்கும்.
அந்தப் பக்கம் ஒரு பஸ் கண்டக்டர் இருமுகிறார்.
இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர்
இருமலை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறோம்.

ரங்கூனில் ஆறாம் மாடி என்றால்
எண்பத்தேழு படி.
பொடத்தௌங் துறையில் கப்பல் ஊதினால்
கண்ணாடி டம்ளர் நடுங்கும்,
மகள் அசைய மாட்டாள்.
ஒரு ஸ்பூன் கீழே விழட்டும்,
தெருவுக்கே தெரிய எழுந்துவிடுவாள்.
கீழே தொங்கும் கயிற்றை மோஹிங்காக்காரி இழுத்தால்
பால்கனியில் மணி அடிக்கும்.
அந்த மணியின் நாக்கைப்
பஞ்சு சுற்றிக் கட்டிவைத்தேன்.
இப்போது அவள் இழுத்துக்கொண்டே நிற்கிறாள்,
நாங்கள் பசியோடு இருக்கிறோம்.

பிறந்தது புதன்கிழமை, மத்தியானத்துக்குப் பிறகு.
இந்த ஊர்க் கணக்கில் அது தனிக்கிழமை,
தந்தமில்லாத யானையின் கிழமை.
ஆகவே பதிவேட்டில் யடனா.
வீட்டில் ரத்தினம்.
இரண்டும் ஒன்றுதான் என்கிறாள் மங்களேஸ்வரி.
எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும்
மகள் திரும்புவதில்லை.

தூளி கட்ட இருந்தது ஒரே கொக்கி.
மின்விசிறிக்கென்று யாரோ விட்டுப்போனது,
வீட்டின் நட்டநடுவில்.
சேலை வழுக்கியது.
மங்களத்தின் பழைய தமெய்ன்,
கத்தரிப்பூ நிறம், அலை அலையாய்க் கோடு,
முடிச்சுப் போட்டதும் பொறுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து
அடுப்புக்குப் போகக் குனிய வேண்டும்.
பல் விளக்கக் குனிய வேண்டும்.
கோபித்துக்கொண்டு வெளியே போகவும்
குனிந்துதான் போக வேண்டும்.
(குனிந்தபடி முழுசாய்க் கோபிக்க முடியாது.
இருவரும் முயன்று பார்த்தோம்.)

இரவு ஒன்றுக்குக் கரண்ட் வரும்.
மோட்டார், குக்கர்,
என் கடைக்கு ரிப்பேருக்கு வந்த ஆறு போன்கள்
எல்லாம் ஒன்றாய்ப் பசித்து எழும்.
அவளும்.
நான் ஆட்டுவேன், மங்களம் துணி அலசுவாள்.
நாலரைக்கு நின்றுபோகும்.
இருட்டில் மூக்கைத் தடவிப் பார்த்துத்தான் படுப்போம்,
எது யார் என்று.

ஆணின் தேஜசுக்கு இங்கே பெயர் போன்.
பெண்ணின் தமெய்னுக்குக் கீழே நுழைந்தால்
அது போய்விடுமாம்.
நான் ரிப்பேர் செய்கிற போன் வேறு.
என்னுடையது என்றைக்கோ போயிற்று,
ஒரு நாளைக்கு நாற்பது முறை.

ஐந்தாம் தேதி ஊ டின் லைங் வந்தார்.
பின்சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு
வாடகையை உயர்த்துவது அவர் வழக்கம்.
கதவருகே நின்றார்.
தொங்குவதைப் பார்த்தார்.
கழற்றேன் என்றார் கையால்.
தூங்குகிறாள் என்றேன் கையால்.
வாசலிலேயே எண்ணி வாங்கிக்கொண்டு இறங்கினார்,
பழைய தொகையே.

அடுத்த மாதமும் அப்படித்தான்.
நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.
ஆனால் ஐந்தாம் தேதி காலையில்
அவளைத் தூளியில் போடுவதில்
இருவருக்கும் ஓர் அவசரம் இருந்தது.

மூன்றாம் மாதம் மனைவியை அனுப்பினார்.

டோ கின் எய் குள்ளம், குனியவே தேவையில்லை.
நேரே தூளிக்குள் கையை விட்டு
இவளை அள்ளிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.
தன் கன்னத்துத் தனாக்காவைத் தொட்டு
இவள் கன்னத்தில் ஒரு வட்டம்.
வாயைத் திறந்து பார்த்து
பல் வருகிறது என்றாள்.
பிறகு எழுந்து போய்ப் பின்சுவரைத் தட்டினாள்.
முப்பதாயிரம் கூட்டினாள்.

அவள் செருப்புச் சத்தம்
ஒவ்வொரு படியாய்க் கீழே போய்க்கொண்டிருந்தது.
மங்களம் விரலை விட்டுப் பார்த்தாள்.
தள்ளு என்று நானும் பார்த்தேன்.
ஆமாம், கீழ்வரிசை, நடுவில்,
குருணை நுனி போல ஒன்று.

கடித்தாள்.