வல்லினம் மிகும் இடம்

பிப்ரவரியில் கடல் ஒரு சாலை.
ஓலு நகரத்துக்கு மேற்கே, தீவுவரை ஒன்பது கிலோமீட்டர்,
பனிக்கட்டியைத் துளைத்து அளப்பது தைஸ்தோவின் வேலை.
நாற்பது சென்டிமீட்டர் இருந்தால் கார்கள் போகலாம்.
ஆனால் அளவுகோலை அவன் முழுக்க நம்பியதில்லை.
நீளமாய் முனகினால் குளிரில் நெளிகிறது, நட.
'டக்' என்றால்
நில்.

இருபத்திரண்டு வருடத் துளைப்பொறி
அவன் காதிலிருந்து எடுத்துக்கொண்டது
அந்த 'டக்'கைத்தான்.
செவியில் மெய்தான் முதலில் சாகிறது.
உயிர் கடைசிவரை கிடக்கிறது,
ஆ, ஊ, ஓ என்று
உடம்பில்லாமல்.

கருவி வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல கருவி.
திடீரென வருவதெல்லாம் இரைச்சல் என்று
அதற்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.
கரண்டி, கதவு, கைதட்டல்
எதுவானாலும் தலையைச் சீவித்தான் உள்ளே விடும்.
ஆய்வகத்துக்கு வந்து அதை மேசைமேல் வைத்தான்:
"மெத்தைக்குள் குடியிருக்கிறேன்.
பனி ஊமையாகிவிட்டது."

யானா அவன் பனியைப் பதிவுசெய்து
திரையில் விரித்தாள்.
முனகல் ஒரு மலைத்தொடர். 'டக்' ஒரு முள்.
மூன்று மில்லிசெகண்ட்;
கண்சிமிட்டும் நேரத்தில் நூறு அடங்கும்.

இரண்டு காவலர்களை நிறுத்தினாள்.
ஒருவன் பதற்றக்காரன், ஒலி எழுமுன் எழுவான்.
மற்றவன் மந்தன், கொட்டாவியோடு பின்னால் வருவான்.
இருவருக்கும் நடுவே இடைவெளி விரிகிற கணம்தான்
'திடீர்'.
அதை மட்டும் தூக்கிவிடு என்று எழுதினாள்.
காற்று இரைந்தால் வாசற்படி உயரட்டும்,
ஓய்ந்தால் தாழட்டும்,
எவ்வளவு என்பதைக் காற்றே சொல்லட்டும்.

முதல் நாள் உணவகத்தில்
முட்கரண்டி ஒன்று தரையில் விழுந்தது.
காதிலிருந்து பிடுங்கி எறிந்தான். சூப்பில் விழுந்தது
மூவாயிரம் யூரோ.
அவள் உச்சிக்கு ஒரு கூரை போட்டாள்.
மூன்றாம் வாரம்தான் கவனித்தாள்:
பழைய கருவி ஒலியைச் சீவியது மட்டுமல்ல,
மௌனத்தையும் தூர்த்திருந்தது,
சொல்லின் இடுக்குகளில்
குளிர்பெட்டியின் ரீங்காரத்தை இழுத்துப் பூசி.

ஒற்று என்பது ஒலியே அல்ல.
நா மேலே ஒட்டி, மூச்சு முட்டி,
வெடிப்பதற்குமுன் நிற்கிற நிறுத்தம்.
அதைப் பூசி மெழுகினால்
தந்தப் பலகையிலிருந்து ஒரு 'ப்' உதிரும்.
யானை இறங்கிப் போய்விடும்;
யாரோ தந்த பலகை மட்டும் கிடக்கும்.

ஃபின்னிய மொழியிலும் அப்படித்தான்.
குக்கா என்றால் பூ.
அந்த ஒற்று விழுந்துவிட்டால்
அதே சொல் "யார்?"

இரண்டு குளிர்காலமாக
ரைலி சன்னலோரம், ஜெரேனியத் தொட்டியருகே நின்று
"பூ" என்றிருக்கிறாள்.
அவன் செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல்
"யாருமில்லை" என்றிருக்கிறான்.
பிறகு அவள் சொல்வதில்லை, அவனிடம்.

இதெல்லாம் யானாவுக்குத் தெரியாது.
அவள் அறிக்கையில் இருப்பது ஒரு வரி:
பனிவெடிப்பு, திருப்திகரம்.

மார்ச் ஆறாம் தேதி, ஏழாவது கிலோமீட்டரில்,
வாடைக்காற்றைக் கிழித்துக்கொண்டு
காலடியில் ஒரு 'டக்'.
நின்றான்.
வந்த தடத்திலேயே பின்வாங்கிச் சிவப்புக் கொடி நட்டான்.
மாலைக்குள் சாலையை மூடினார்கள்.
தீவுக்குப் போகவேண்டிய ரொட்டி வண்டிக்காரன்
அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினான்,
ஒவ்வொரு வல்லினமும்
தெளிவாகக் கேட்டது.

வீட்டில், கருவியைக் கழற்ற மறந்து
காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.
சன்னலிடம் ரைலி ஏதோ சொன்னாள்,
மெல்ல, தனக்கு மட்டும்.
ஒற்றைக் காலணியோடு அப்படியே நின்றான்,
பனிமேல் நின்றதுபோல.

"எங்கே?" என்றான்.